ஈரத்தில் மங்கிய மஞ்சள்

என் அம்மா சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காந்தவியல் பாடம் வரும் வாரத்தில், சிவப்பும் நீலமுமாக வண்ணம் அடித்த ஒரு சட்டக்காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புவார். தாளில் இரும்புத்தூளைத் தூவி, அடியில் காந்தத்தை நகர்த்தி, கோடுகள் எழும்புவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். "இரும்பு, கோபால்ட், நிக்கல். இதை விட்டுட்டு வேற எதையாச்சும் எழுதினா மார்க் கிடையாது" என்பார். அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள், நான் ஆய்வகத்தில் செய்த வெளிர்மஞ்சள் பொடியை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்து காட்டினேன்.

"இதுவும் காந்தம்தாம்மா."

அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குப்பியை வாங்கினார். மேஜை டிராயரிலிருந்து தன் சட்டக்காந்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை.

"கடலைமாவு மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் விளக்கினேன். அம்மாவின் காந்தத்தில் எண்ணிலடங்காத இரும்பு அணுக்கள் ஒன்றையொன்று பார்த்து ஒரே திசையில் நிற்கின்றன. என் பொடியில் அப்படி இல்லை. ஒவ்வொரு மூலக்கூறும் தனியாள். கடுங்குளிரில் வைத்து, ஒரு காந்தப்புலத்தைக் காட்டிவிட்டு எடுத்தால், பக்கத்து மூலக்கூறின் துணை இல்லாமலே, திரும்பிய திசையைச் சற்று நேரம் மறக்காமல் வைத்திருக்கும்.

"எவ்வளவு குளிர்?"

"திரவ ஹீலியம் ஊத்துற அளவுக்கு."

"இந்த ரூம் சூட்டுல?"

"உடனே மறந்துடும்."

"அப்போ அது காந்தம் இல்ல பாப்பா. காந்தம் ஆகணும்னு ஆசைப்படுது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா மீன் கழுவப் போய்விட்டார். தலைமுடி நரைத்த பேராசிரியையை இன்னும் பாப்பா என்று கூப்பிடுபவர் அவர் ஒருவர்தான்.

நான் வேதியியலுக்குள் வந்தது காந்தத்துக்காக அல்ல, வெளிச்சத்துக்காக. எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு வெள்ளைப் பொடியைப் புற ஊதா விளக்கின் கீழ் நீட்டினேன். மைதா போல் கிடந்தது, சட்டென்று சிக்னல் விளக்கின் சிவப்பாகிவிட்டது. யூரோப்பியம் என்ற உலோகத்தின் சேர்மம் அது. விளக்கை அணைத்தால் மைதா, போட்டால் சிவப்பு. என்னோடு நின்றவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நான் விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு நடந்து போகும் வழியிலும் அந்த நிறம் கண்ணுக்குள் இருந்தது.

உலோக அணு தானாக அப்படி ஒளிர்வதில்லை. அதைச் சுற்றி ஒரு கரிமச் சேர்மம் கைகோத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கைகள் விளக்கின் சக்தியை வாங்கி உள்ளே இருக்கும் உலோகத்துக்குத் தரும், உலோகம் அதைத் தன் நிறத்தில் வெளியே விடும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் அணைவுச் சேர்மம் என்று போட்டிருப்பார்கள். எந்த உலோகம், எத்தனை கைகள், எந்தக் கோணத்தில் என்பதை மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பதுதான் என் தொழில். முனைவர் பட்டத்துக்கு வந்தபோது, இதே உலோகங்களில் சில காந்தமாகவும் நடந்துகொள்ளும் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒளிர்வைப் படிப்பவர்கள் ஒரு கூட்டமாகவும் காந்தத்தைப் படிப்பவர்கள் வேறு கூட்டமாகவும் இருந்தார்கள். ஒரே மூலக்கூறு இரண்டையும் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அதற்குப் பிறகு என்னை விடவே இல்லை.

அடையாறு பக்கம், மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தில் வேலை கிடைத்தது. ஆய்வகத்துக்கு என்று எனக்குக் கொடுத்தது உடைந்த நாற்காலிகள் அடுக்கிவைத்திருந்த ஒரு ஸ்டோர் ரூம். ஜன்னலைத் திறந்தால் அரசமரம், மூடினால் வேர்வை. நானே துடைப்பம் வாங்கி வந்து கூட்டினேன். முதல் வருஷம் ரசாயனப் புகையை வெளியேற்றும் கூண்டு இல்லாமல், பக்கத்து ஆய்வகத்தில் இடம் கேட்டு வேலை செய்தேன். இன்று அந்த அறையின் சுவர் முழுக்க என் மாணவர்கள் வளர்த்த படிகங்களின் புகைப்படங்கள். யார் வந்தாலும் அந்தச் சுவரின் முன்னால் அவர்களை நிற்கவைத்துவிடுவேன். கொஞ்சம் பெருமைதான். மறைப்பானேன்?

எங்கள் வளாகத்தில் காந்த அளவீட்டுக் கருவியைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிடச் சற்று மூத்த இயற்பியல் பேராசிரியர். மயிலாப்பூர்க்காரர், மாட வீதிகளில் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். டிசம்பர் வந்தால் அவர் கச்சேரி நேரத்துக்கு ஏற்றபடிதான் கருவி ஓடும். என் யோசனையை முதன்முதலில் அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"ஒரே மனுஷன் பாடவும் பாடணும், மிருதங்கமும் வாசிக்கணும்கறேள். ரெண்டும் சுமாராத்தான் வரும், மேடம்."

"சுமாரா வந்தாலும் பரவாயில்ல சார். ரெண்டும் ஒரே ஆள் பண்றதுதான் வேணும்."

"சரி, கொண்டாங்கோ, அளந்து பாப்போம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பொடிகளை மருந்துக் கடைக் காப்ஸ்யூலில் அடைத்து அவரிடம் கொண்டுபோயிருக்கிறேன். பெரும்பாலானவை அவர் சொன்னபடி சுமாராகத்தான் வந்தன.

பிறகு சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். நந்தனத்தில் கலைக்கல்லூரியில் படித்தவள். என் முன்னால் உட்காரும்போது பாடப் புத்தகத் தமிழும் ஆங்கிலமும் பேசுவாள். எரிச்சல் வந்தால் சைதாப்பேட்டை வெளியே வந்துவிடும். அவளுடைய கைக்குப் படிகம் வளர்ந்தது. இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒரே கரைசலை மூன்று பேர் வைத்தால் இருவருக்குச் சேறு போல் படியும், ஒருவருக்கு மட்டும் ஊசி ஊசியாக எழும்பும். அந்த ஒருவர் இவள்தான்.

அவள் எடுத்துக்கொண்ட உலோகம் டிஸ்ப்ரோசியம். கிடைப்பதற்கு அரியது என்று அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் பொருள். அதைச் சுற்றி நாங்கள் வடிவமைத்த கரிமச் சேர்மத்தைக் கட்டினாள். படிகத்தை நன்றாக உலர்த்திப் புற ஊதா விளக்கில் காட்டினால் எலுமிச்சையின் மஞ்சளில் ஒளிர்ந்தது. அது ஒரு நல்ல மழைக்காலம். கருவி அறையில் அளந்தபோது மயிலாப்பூர்க்காரர் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டார்.

"மேடம், பாட்டும் மிருதங்கமும். வந்து பாருங்கோ."

நாங்கள் எழுதிய கட்டுரை நல்ல ஆய்விதழில் வந்தது. ஒரே மூலக்கூறு, பிரகாசமாக ஒளிரவும் செய்கிறது, காந்தமாகவும் இருக்கிறது. பிரதி ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன். கையில் சிவப்புப் பேனாவோடு முழுவதையும் படித்துவிட்டு, நன்றியுரைப் பத்தியில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தார். "மத்ததெல்லாம் சரியா இருக்கும்னு நம்புறேன்" என்றார்.

அடுத்த கோடையில் ஐரோப்பாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. குளிர்மிக்க ஒரு நகரத்தில் பெரிய ஆய்வுக்குழு நடத்தும் பெண்மணி எழுதியிருந்தார். எங்கள் துறையில் எல்லோரும் அறிந்தவர், பண்பாகத்தான் எழுதியிருந்தார். உங்கள் சேர்மத்தை நாங்கள் பலமுறை செய்து பார்த்தோம், நீங்கள் சொன்னபடி அழகாக ஒளிர்கிறது, ஆனால் காந்தப் பண்பு துளியும் இல்லை, உங்கள் மாதிரியில் வேறு ஏதாவது கலந்திருக்க வாய்ப்புண்டா என்று பாருங்கள், என்று.

எங்கள் துறையில் இதைவிடப் பண்பாக ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அவர் அப்படி நினைத்து எழுதவில்லை என்று இப்போது தெரியும். அன்று தெரியவில்லை. என் மாணவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"கலப்படமா?" என்றாள். "மேடம், நான் ஒவ்வொரு படிகத்தையும் மைக்ராஸ்கோப்புல பாத்துப் பாத்து எடுத்தேன்."

"எனக்குத் தெரியும்மா. மறுபடி அளந்து காட்டிடுவோம்."

பத்திரமாக வைத்திருந்த பொடியை எடுத்தோம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளைப் போட்டு மூடிய டெசிகேட்டர் என்னும் கனத்த கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்திருந்தோம். நல்ல பொருளை அப்படித்தான் வைப்பது. மயிலாப்பூர்க்காரரிடம் கொண்டுபோனோம். அளந்தார். காந்தத்தைக் காணோம். திரையில் ஒரு தட்டைக் கோடு.

"இன்னா மேடம் இது" என்றாள் அவள். "போன வருஷம் இருந்துச்சு, இப்போ எங்க பூட்ச்சு?"

மயிலாப்பூர்க்காரர் கருவியைப் பரிசோதித்தார். தெரிந்த பொருள் ஒன்றை வைத்து அளந்தார், சரியாக வந்தது. "என் மெஷின் பொய் சொல்லலை மேடம். அப்பவும் சொல்லலை, இப்பவும் சொல்லலை" என்றார். அதுதான் எனக்கும் பெரிய குழப்பம். இரண்டு அளவுகளும் உண்மை, ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

அவள் புதிதாகச் செய்தாள். ஒரு தடவை காந்தம் பாதி இருந்தது. இன்னொரு தடவை இல்லவே இல்லை. ஐரோப்பியப் பெண்மணிக்கு, பரிசோதித்துக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் அவகாசம் தாருங்கள் என்று எழுதினேன். துறையில் ஒருவர், நலம் விரும்புகிற குரலில், கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டால் பெயர் கெடாமல் தப்பிக்கலாமே என்றார். திரும்பப் பெறுவதா, எதை? நாங்கள் பார்த்ததை நாங்கள் பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவது? அந்த மாதங்களில் ஆய்வகத்துக்குள் நுழையும்போதெல்லாம் சுவரில் இருந்த அந்த மஞ்சள் படிகத்தின் படத்தைத் தவிர்த்துவிட்டு நடந்தேன். அவளோ அந்தப் படத்தைக் கழற்றிவிடலாம் என்றுகூடச் சொல்லவில்லை. தினமும் வந்து, கரைசலை வைத்து, படிகத்தை எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருப்பலி முடிந்து வரும்போது அம்மா கேட்டார், "முகம் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னேன். அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ரெண்டு தடவைக்கும் நடுவுல எது மாறியிருக்குன்னு எழுதிப் பாத்தியா?" என்று எட்டாம் வகுப்பு மாணவியிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"எல்லாம் எழுதிப் பாத்துட்டேம்மா. எதுவும் மாறல."

"எதுவும் மாறலன்னா பதிலும் மாறியிருக்காதே."

லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது.

மழை தொடங்கிய சமயம், வளாகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் நாள் வந்தது. ஒவ்வொரு துறையும் ஏதாவது காட்ட வேண்டும். நாங்கள் வழக்கம்போல் ஒரு அட்டைப்பெட்டிக்கு உள்ளே கறுப்புத்தாள் ஒட்டி, புற ஊதா விளக்கு மாட்டி, பார்ப்பதற்கு ஒரு துளை வைத்தோம். உள்ளே மூன்று கண்ணாடித் தட்டுகள். யூரோப்பியம் சிவப்பு, டெர்பியம் பச்சை. மூன்றாவதாக அவள் எங்கள் டிஸ்ப்ரோசியப் பொடியை டெசிகேட்டரிலிருந்து எடுத்து வைத்தாள்.

"காந்தம் இல்லன்னாலும் லைட்டாவது எரியட்டும்" என்றாள்.

காலையில் அந்த மஞ்சள்தான் மற்ற இரண்டையும்விடப் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்துகொண்டே இருந்தார்கள். வெளியே நல்ல மழை. அரங்கின் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. நனைந்த குடைகள், நனைந்த சீருடைகள், தரையெல்லாம் தண்ணீர். மதியம் கூட்டம் குறைந்தபோது நான் சும்மா குனிந்து துளைக்குள் பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. பச்சை அப்படியே இருந்தது. மஞ்சள் மங்கிப்போய், பழைய டார்ச் விளக்கு மாதிரி கிடந்தது.

அவளும் வந்து பார்த்தாள். தட்டுகளை இடம் மாற்றி வைத்தாள், விளக்கில் கோளாறோ என்று. எங்கே வைத்தாலும் மஞ்சள் மட்டும்தான் மங்கல்.

"இதுவும் பூட்ச்சு" என்றாள். "வெளிச்சத்துல கெட்டுப்போச்சு போல மேடம்."

கெட்டுப்போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் என் மனம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. சிவப்பிலும் பச்சையிலும் கைகள் உலோகத்தை எல்லாப் பக்கமும் மூடிவிடுகின்றன. மஞ்சளில் ஒரு பக்கம் இடைவெளி உண்டு. நாங்களே வடிவமைத்தது, எனக்குத் தெரியும். அந்த இடைவெளி வழியாக, மழை நாளின் காற்றிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு உள்ளே போய் உலோகத்தின்மேல் உட்கார்ந்துகொண்டால்? தண்ணீர் பக்கத்தில் இருந்தால் டிஸ்ப்ரோசியத்தின் ஒளியை அது விழுங்கிவிடும். வருஷா வருஷம் வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பது அது. தண்ணீர் வந்தால் வெளிச்சம் போகும் என்பதில் புதிது ஒன்றும் இல்லை.

காந்தம்?

போன வருஷம் அளந்தது மழைக்காலத்தில். வடிகட்டி, திறந்த மேஜையில் காயவைத்து, அப்படியே காப்ஸ்யூலில் அடைத்தோம். ஒளிர்வையும் படிகத்தின் அமைப்பையும் அளந்தது பிற்பாடு, டெசிகேட்டரில் பல நாள் உலர்ந்த பொருளில். ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போட்ட அறை, அப்பளம்கூட நமுத்துப்போகாத உலர்ந்த காற்று.

"இதைக் கெட்டுப்போச்சுன்னு சொல்லாத" என்றேன். "அப்படியே காப்ஸ்யூல்ல அடை. டெசிகேட்டர் பக்கமே போகாத."

அவளுக்கும் புரிந்துவிட்டது. காப்ஸ்யூலைக் கையில் இறுக்கிக்கொண்டு, ஒரே குடைக்குள் இரண்டு பேரும் மழையில் கருவி அறைக்கு நடந்தோம், நடந்தோம் என்பதைவிட ஓடினோம். மயிலாப்பூர்க்காரர் அன்று அளவீடு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இருக்கிற ஹீலியத்தை வேறொரு குழுவுக்காக மிச்சம் பிடித்துவைத்திருந்தார்.

"இன்னிக்கு முடியாது மேடம். பாத்துண்டு செலவு பண்ண வேண்டியிருக்கு."

"சார், காந்தம் எங்க போச்சுன்னு தெரிஞ்சுடுச்சுன்னு நினைக்கிறேன்."

அவர் எங்கள் இருவரின் நனைந்த புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் பார்த்தார். காப்ஸ்யூலுக்காகக் கையை நீட்டினார். "அவாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

கருவி குளிர்ந்து, அளவெடுத்து முடிக்க நேரமாகும். மறுநாள் காலை நான் ஆய்வகத்துக்கு வந்தபோது அவள் எனக்கு முன்னாலேயே கருவி அறையில் இருந்தாள். திரையில் தட்டைக்கோடு இல்லை. போன வருஷத்துக் காந்தம் முழுசாக, எந்தக் குறையும் இல்லாமல் திரும்பி வந்திருந்தது. மயிலாப்பூர்க்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் அழவில்லை. திரையில் இருந்த கோட்டை விரலால் ஒருமுறை தொடர்ந்து பார்த்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் நிரூபணம். ஒரே ஒரு படிகத்தை எடுத்து உலர்த்தினோம், எக்ஸ்-கதிரில் அதன் அமைப்பைப் பார்த்தோம். இடைவெளி காலியாக இருந்தது. அதே படிகத்தை ஈரக்காற்றில் வைத்து மறுபடி பார்த்தோம். டிஸ்ப்ரோசியத்தின்மேல் ஒரு தண்ணீர் மூலக்கூறு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அது வந்து உட்கார்ந்ததால் சுற்றியிருந்த கைகள் கொஞ்சம் நகர்ந்து, காந்தத்துக்குத் தோதான வடிவத்துக்கு வந்திருந்தன. தண்ணீர் இருந்தால் காந்தம், போனால் வெளிச்சம். படிகம் உடையாமல், இரண்டுக்கும் நடுவே போய் வந்தது. நாங்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மைகளை ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

ஐரோப்பியப் பெண்மணிக்கு எழுதினேன். உங்கள் பொடியை மூடிய பாத்திரத்துக்குள், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரோடு ஒரு நாள் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். வெளிச்சம் மங்கும், கவலைப்படாதீர்கள். சில நாளில் பதில் வந்தது. காந்தம் இருக்கிறது என்று முதல் வரி. எங்கள் ஊர் உலர்ந்த காற்று உங்கள் ஊர்க் காற்றிடம் தோற்றுவிட்டது என்று அடுத்த வரி. சேர்ந்து எழுதலாமா என்று கேட்டிருந்தார். எழுதினோம். முதல் பெயர் என் மாணவியுடையது. அந்தப் பெண்மணியே அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். முதல் கட்டுரையைவிட இது பத்து மடங்கு நல்ல கட்டுரை. அளவெடுக்கும் கருவிக்குள் வைக்காமலே, அந்த மூலக்கூறு இப்போது காந்தமா இல்லையா என்பதை அதன் வெளிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று அதில் காட்டினோம். பாட்டும் மிருதங்கமும் ஒரே நேரத்தில் இல்லைதான். ஆனால் பாட்டு நின்றால் மிருதங்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதை மயிலாப்பூர்க்காரரிடம் சொன்னபோது, "தனியாவர்த்தனம்" என்றார்.

அவளுடைய முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அம்மா வந்தார். காட்டன் புடவை, பள்ளிக்குப் போகும் நாட்களில் கட்டும் அதே நேர்த்தியில். முன்வரிசையில், சைதாப்பேட்டையிலிருந்து வந்திருந்த அவளுடைய குடும்பத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டு முடித்தபின், அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். அம்மா எழுந்தார்.

"தண்ணி வந்தா காந்தம் வருது, போனா போகுதுன்னு சொல்றீங்க" என்றார். "இப்படி எத்தனை தடவை போய் வரும்? படிகம் களைச்சுப் போகாதா?"

அவையில் சிலர் புன்னகைத்தார்கள். அவள் புன்னகைக்கவில்லை. "நல்ல கேள்வி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வைத்திருந்த கூடுதல் படம் ஒன்றைத் திரையில் போட்டாள். திரும்பத் திரும்ப ஈரமாக்கி உலர்த்தி அவள் அளந்த கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, விலகாமல் படிந்திருந்தன. கடைசிச் சில தடவைகளில் மட்டும் மெல்லிய தளர்ச்சி தெரிந்தது. அதையும் மறைக்காமல் சுட்டிக்காட்டி, ஏன் என்று தான் நினைப்பதையும் தமிழிலேயே சொன்னாள். அம்மா முழுவதையும் கேட்டார். தலையசைத்தார். உட்கார்ந்தபின் என் பக்கம் திரும்பி, "நல்லா சொல்லிக்கொடுத்திருக்க" என்றார். என் வேலையைப் பற்றி அம்மா சொன்ன முதல் பாராட்டு அது. விருது மேடைகளில் ஏறியிருக்கிறேன், பொன்னாடைகள் பீரோவில் இருக்கின்றன. இது வேறு.

அன்று மதியம் சைதாப்பேட்டையில் அவர்கள் வீட்டு மாடியில் பிரியாணி. ஷாமியானா போட்டு, உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மயிலாப்பூர்க்காரருக்குத் தனியாகத் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவுக்கும் அவள் அம்மாவுக்கும் பேச்சு நின்றபாடில்லை. அவளுடைய சித்தப்பா கையில் பிரியாணி வாளியும் கரண்டியுமாகப் பந்தி விசாரித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார்.

"அது சரி, காலைல இருந்து கேக்கணும்னு கீறேன்" என்றார் அவளிடம். "இவ்ளோ வருசமா பண்ணியே, அது இன்னாத்துக்கு யூஸு?"

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுவதும் எதிர்கொள்ளும் கேள்வி. நானாக இருந்தால் கணினி நினைவகம், ஈரப்பத உணரி என்று திட்ட அறிக்கையில் எழுதுவதையெல்லாம் அடுக்கியிருப்பேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போதிக்கி ஒண்ணுத்துக்கும் இல்ல, சித்தப்பா" என்றாள் அவள், எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு. "ஆனா இப்டி ஒண்ணு ஒலகத்துல கீதுன்னே யாருக்கும் தெரியாம இருந்துச்சு. நாங்கதான் கண்டுபுட்ச்சோம்."

சித்தப்பா கரண்டியை வாளியில் நன்றாக விட்டு, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தார். அடுத்ததாக என் தட்டிலும் ஒன்று விழுந்தது.